25 டொலர் கொடுக்கப் போய் அலாஸ்காக்காரியான கதை

நான் முதுகலை படித்த அமெரிக்கப் பல்கலைக்கழகம் வருடா வருடம் பழைய மாணவர்களிடம் காசு கேட்டு ஈமெயில் அனுப்பும். இந்த முறை விரிவுரையாளர்களின் கற்பித்தலுக்கும் ஆய்வுக்குமான நிதி என்று போட்டிருந்தபடியால் திறந்து, அதிலிருந்த நன்கொடைப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். எனக்குப் புள்ளிவிவரம் படிப்பித்தவர் தன் சொந்தக் காசில் மென்பொருள் வாங்கியவர், அந்த நினைப்பில்தான். குறையும் சொல்லப்போவதால் பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம்.

முதலில் நல்லது. காசு எங்கே போகும் என்பதை ஒளிக்காமல் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒன்று மூலதன நிதி: போட்ட காசைத் தொடாமல் முதலீடு செய்துவிட்டு, அதில் ஆண்டுக்கு 4 சதவீதம் அளவை மட்டும் எடுத்துச் செலவழிப்பார்கள். மற்றது உடனடிச் செலவுக்கு: ஆய்வு உதவியாளர் சம்பளம், களப்பயணம், மாநாட்டுக் கட்டணம்.

என்னைப் போல 25 டொலர் கொடுக்கிறவர்கள் இரண்டாவதைத் தெரிவு செய்வதுதான் புத்தி. மூலதனத்தில் போட்டால் ஆண்டுக்கு ஒரு டொலர் வெளியே வரும். அந்த ஊரில் அதற்கு ஒரு பிளேன்ரீகூடக் கிடைக்காது. ரொறன்ரோ தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் கனடிய டொலர், ஹார்வர்டுக்கு 60 லட்சம் அமெரிக்க டொலர் சேர்த்தார்களே, அது வேறு கதை. அங்கே ஒரு பேராசிரியர் பதவி காலாகாலத்துக்கும் நிற்கவேண்டும், அதற்கு மூலதனம்தான் சரி.

அப்புறம் முகவரிப் பகுதி. நாடு இலங்கை என்று கொடுத்த பிறகும் மாநிலம் கட்டாயமாம். பட்டியலில் இருப்பதோ அமெரிக்காவின் 50 மாநிலங்கள். திருகோணமலை 31000 என்று எழுதிவிட்டு அலாஸ்காவைப் போட்டேன். நான் இருக்கிற உப்புவெளி வெயிலுக்கு ஒரு ஆறுதல்.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு பெட்டிகள், இரண்டிலும் ஏற்கெனவே சரி போட்டிருக்கிறது. ஒன்று, அட்டைக் கம்பனி எடுக்கிற கட்டணத்தையும் நானே கட்டுவது. மற்றது, இதே தொகையை மாதாமாதம் எடுப்பது! நன்கொடை கேட்கிறவர்கள் செய்கிற வேலையா இது? இங்கத்தைய சம்பளத்தில் மாதாமாதம் டொலர் போனால் தாங்குமா? இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

ஓடிபி வந்தது, காசு போனது, ரசீதும் உடனே வந்தது. அமெரிக்காவில் வரி கட்டுகிறவர்களுக்கு அதைக் காட்டிக் கழிவு கேட்கலாம். எனக்கு வெறும் கடதாசி.

போன வருடம் இந்த நிதியில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டு எழுதினேன். தானியங்கிப் பதில் வரும் என்று நினைத்தால், ஒரு மனிதரே துறைவாரியாகத் தொகை போட்டு எழுதியிருந்தார். அதற்காகவே இந்த நன்கொடைப் பக்கத்துக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மாதாந்தப் பெட்டியில் உள்ள சரியை எடுத்தால் நாலு.