முதுகு வளைவுக்கு அறுவை: எலும்பு இணைப்பா, கயிறா?

பதின்ம வயதில் காரணம் தெரியாமல் வரும் முதுகெலும்புப் பக்கவளைவு, எக்ஸ்ரேயில் அளக்கும் காப் கோணத்தில் 50 பாகையை எட்டினால், வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை கூடக்கூடும் என்பதால், அறுவை சிகிச்சைப் பேச்சு எழுகிறது. அப்போது முன்வைக்கப்படும் வழிகள் இரண்டு.

பழையது எலும்பு இணைப்பு: வளைந்த பகுதியின் முள்ளெலும்புகளை ஒரே எலும்பாகக் கூடவைப்பது. 1960களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் அறுவை மருத்துவர் பால் ஹாரிங்டன் பரவலாக்கிய ஒற்றைக் கம்பி முறையில் நோயாளி மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு கிடக்க வேண்டியிருந்தது. இன்றோ வளைந்த பகுதியின் முள்ளெலும்புகளில் ஸ்க்ரூக்கள் பொருத்தி, இருபுறமும் கம்பி செலுத்தி, எலும்புத் துகள் பரப்பிவிடுவதால், மறுநாளே எழுந்து உட்கார வைக்கிறார்கள். முதல் வாரங்களில் படுக்கையில் திரும்பும்போது தோளும் இடுப்பும் மரக்கட்டை உருள்வதுபோல் ஒன்றாகவே திரும்ப வேண்டும்; தரையில் விழுந்த பேனாவை முழங்காலை மடக்கித்தான் எடுக்க வேண்டும். எலும்புகள் ஒன்றாகக் கூடிவர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பிடிக்கும். முதுகு நூல் பிடித்ததுபோல் நேராகிவிடாது. விலாப் புடைப்பும் ஓரளவு எஞ்சலாம்.

புதியது கயிறு முறை. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கான கருவிக்கு 2019இல், மனிதாபிமான விலக்கின் கீழ் (சிலருக்கே தேவைப்படும் கருவிகளுக்கு, பலன் முழுதாக நிரூபிக்கப்படாமலே தரும் அனுமதி), ஒப்புதல் அளித்தது. விலாப்பக்கத் துளைகள் வழியே, வளைவு புடைத்திருக்கும் பக்கத்து எலும்புகளை உறுதியான செயற்கை இழைக் கயிற்றால் இழுத்துக் கட்டுகிறார்கள்; அந்தப் பக்கத்தின் வளர்ச்சி தடைபட, எதிர்ப்பக்கம் வளர்ந்து ஈடுகட்டுகிறது. ஆகவே வளர்ச்சி மிச்சமிருந்தால்தான் இதற்குப் பொருளுண்டு. முதுகு காட்ட வந்த பிள்ளையைக் கை எக்ஸ்ரேக்கு அனுப்புவதும், விரல் எலும்புகளைப் பார்த்து அந்த மிச்சத்தைக் கணிக்கத்தான். வளைந்து கொடுக்கும் தன்மை பெருமளவு காக்கப்படுகிறது. ஆனால் கயிறு அறுந்துபோகலாம், வளைவு எதிர்ப்பக்கம் திரும்பலாம், மறு அறுவைக்கான வாய்ப்பும் இணைப்பைவிட அதிகம்.

நடனமும் விளையாட்டும் போய்விடுமே என்ற அச்சத்தால் மட்டும் கயிற்றை நாடுவது அவசரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இணைப்பு மார்புப் பகுதியோடு நின்றால், குனிவதற்கு இடுப்பு மூட்டும் கீழ்முதுகும் பெரும்பாலும் போதும். கீழ்முதுகின் அடிவரை இறங்கினால்தான் இழப்பு நன்றாக உறைக்கும். எனவே இணைப்பென்றால் அது எந்த எலும்பில் முடிகிறது என்றும், கயிறென்றால் அறுந்தால் அடுத்து என்ன செய்வார்கள் என்றும், சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் பெற்றோர் கேட்டுவிட வேண்டும்.