இரவு விளக்குகளின் நட்சத்திரக் கதிர்களும் ஒரு 50 மி.மீ. லென்ஸும்

ஆற்றுப் பாலத்தின் விளக்கு வரிசையை இரவில் படமெடுக்கும்போதெல்லாம் ஒவ்வொரு விளக்கும் நட்சத்திரமாகச் சிதறி, பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளையே மறைத்துவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தமாக இருந்தது. அதைத் தீர்ப்பதற்காகவே கேனான் ஈஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸை வாங்கினேன். பல இரவுகள் பயன்படுத்திய பிறகு, எதற்காக வாங்கினேனோ அதை இந்த லென்ஸ் செய்து தருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இந்தக் கதிர்கள் விளக்கில் இருப்பவை அல்ல, லென்ஸுக்குள் உண்டாகுபவை. லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரைச் சுருக்கும்போது, அத்துளையை உருவாக்கும் மெல்லிய தகடுகளான பிளேடுகளின் நேரான விளிம்புகளில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவுக்கு உள்ளாகி, ஒவ்வொரு விளிம்புக்கும் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கதிர்களாக நீள்கிறது. பிளேடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் எதிரெதிர் விளிம்புகளின் கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் 6 பிளேடுக்கு 6 கதிர்களே தெரியும். ஒற்றைப்படையாக இருந்தால் அவ்வாறு பொருந்தாமல் இருமடங்காகும். இந்த லென்ஸின் முந்தைய பதிப்பில் 5 பிளேடுகள் இருந்தன. 2015இல் வெளிவந்த இதில் 7 பிளேடுகள் உள்ளன, அவற்றின் விளிம்புகளும் வளைவானவை. எண்ணிக்கையை விட அந்த வளைவுதான் நமக்கு வேண்டியது, ஏனெனில் துளை ஏறத்தாழ வட்டமாக இருக்கும் வரை ஒளி குறிப்பிட்ட திசைகளில் குவிவதில்லை.

டிரைபாடை நகர்த்தாமல் ஒரே காட்சியை எஃப்/16இல் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) 30 நொடியும், எஃப்/2.8இல் 1 நொடியும் எடுத்து, இரண்டையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் 14 கதிர்கள் கிளம்பிப் பக்கத்து விளக்கின் கதிர்களோடு பின்னிக்கொண்டிருந்தன. இரண்டாவதில் விளக்கின் கண்ணாடிக் கூண்டும், அதைத் தாங்கும் நான்கு இரும்புச் சட்டங்களும், கீழே கம்பியில் உரிந்திருந்த பெயின்ட்டும் தெரிந்தன. அந்த இடத்தில் அப்படி ஒரு கூண்டு இருப்பதையே நான் அன்றுதான் கவனித்தேன்.

துளையைத் திறந்தால் தெளிவின் ஆழம், அதாவது தெளிவாகத் தெரியும் தொலைவின் வீச்சு, குறையுமே என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் எஃப்/2.8 வைத்து 30 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய 15 மீட்டரிலிருந்து அடிவானம் வரை போதிய தெளிவு கிடைக்கிறது. முன்னால் ஒரு பாறையையோ படகையோ சேர்க்க விரும்புபவருக்கு மட்டும் இது போதாது. அவர்கள் இரண்டு படங்களாக எடுத்துப் பின்னர் இணைப்பதே நல்லது. எஃப்/1.8இல் பிளேடுகள் முற்றிலும் விலகிவிடுவதால் கதிரே இருக்காது என்றாலும், அகன்ற துளை கொண்ட பல லென்ஸ்களைப் போலவே படத்தின் மூலையில் உள்ள விளக்குகள் சிறகு விரித்தாற்போல் நீளும் என்பதால் எஃப்/2.8ஐயே நான் பரிந்துரைக்கிறேன்.

லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் அதன் முன்கண்ணாடியைப் பார்த்துவிட வேண்டும். துளையை முழுதாகத் திறந்த பிறகும் ஒரே திசையில் கீற்று நீண்டால் அது பிளேடின் வேலை அல்ல. விரல் எண்ணெய் இழுபட்ட தடத்துக்குக் குறுக்காகத்தான் அந்தக் கீற்று விழும். ஊதுபந்தால் தூசியை நீக்கிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வட்டமாகத் துடைத்தால் அது போய்விடும். பாதுகாப்புக்காக நான் மாட்டியிருந்த மலிவான ஃபில்டர் ஒன்று, பாலத்து விளக்குகளின் மங்கலான பிம்பங்களைத் தலைகீழாக வானத்தில் பதித்து ஒரு மாலை முழுவதையும் பாழாக்கியது. எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புவதே அதற்குக் காரணம். ஆகவே இரவில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, லென்ஸின் முன்னால் பொருத்தும் மறைப்பான ஹூடை மட்டும் மாட்டுகிறேன். ஹூட் சட்டகத்துக்கு வெளியே உள்ள விளக்கைத்தான் தடுக்கும், உள்ளே உள்ள விளக்கின் கதிரைக் குறைக்காது.

எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது பதிவாகும் ஒளியைப் பாதியாக) குறைத்து எடுத்து, நிழல் பகுதிகளைப் பின்னர் உயர்த்தினால் எஃப்/4இல் எஞ்சும் சிறு கதிர்களும் சுருங்குகின்றன. வாகன விளக்குகள் நீண்ட கோடுகளாக ஓடும் படங்களுக்கு, துளையைத் திறந்து 1 நொடியில் எடுக்கும் இந்த வழி பொருந்தாது, ஏனெனில் அதற்குள் அந்தக் கோடு பாதியிலேயே நின்றுவிடும். அதற்கு துளையைத் திறந்தே வைத்து ஒளியின் அளவைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் நல்ல பூச்சுள்ளதாக இருக்க வேண்டும்.