பழைய ஃபங்க் குழுவின் பெயரை மட்டும் நம்பி டிக்கெட் வாங்காதீர்கள்

ஃபங்க் என்பது தாளமே முதன்மையான அமெரிக்க நடன இசை. அந்த வகைக் குழு ஒன்றின் 1975ஆம் ஆண்டுப் படத்தை இன்றைய போஸ்டரில் போட்டு டிக்கெட் விற்பது அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. அண்மையில் ஒரு சூதாட்ட விடுதி அரங்கில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் பெயரும் அரங்கின் பெயரும் இங்கே வேண்டாம். சொன்னால் அந்த ஒரு இடத்துக் கோளாறு என்று விட்டுவிடுவீர்கள். இது பல ஊர்களில் நடப்பது.

டிக்கெட்டில் இரவு 8 மணி என்று இருந்தது. யாரும் கேட்டிராத இரண்டு குழுக்கள் முதலில் வாசித்தன. பெரிய குழு மேடை ஏறும்போது மணி 9.40. சரியாக 50 நிமிடத்தில் இறங்கிவிட்டார்கள். மேடையில் எட்டுப் பேர். அந்தப் பழைய இசைத்தட்டுகளில் வாசித்தவர் அவர்களில் ஒருவர்தான், அதுவும் காங்கா என்ற கைமுரசு வாசிப்பவர். ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் முழங்க வேண்டிய இடத்தில் ஒரு சாக்ஸஃபோன்காரர் தனியாக நின்றார், மீதியைக் கீபோர்டில் அழுத்தினார்கள். பாடகிகள் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிய பிறகும் கோரஸ் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லோரும் காத்திருந்த மூன்று ஹிட் பாடல்களையும் ஒன்றாகக் கோர்த்து ஏழு நிமிடத்தில் முடித்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு டிக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தைக் காட்டினார்கள்: கலைஞர்கள் மாறக்கூடும். சுத்தமான அல்வா.

இது எப்படி நடக்கிறது? குழுவின் பெயர் ஒரு சொத்து. அது வாசித்தவர்களிடம்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'வார்' குழுவின் கதை இதற்கு நல்ல பாடம். 'லோ ரைடர்' பாடலைத் தந்த அந்தக் குழுவின் ஹார்மோனிகாக்காரர் லீ ஆஸ்கர், கிட்டார் ஹாவர்ட் ஸ்காட், டிரம்ஸ் ஹெரால்ட் பிரவுன், பேஸ் கிட்டார் பி.பி. டிக்கர்சன் ஆகிய நான்கு பேரும் 1990களில் பெயர் உரிமையை இழந்தார்கள். பெயர் அவர்களுடைய பழைய தயாரிப்பாளர் தரப்பில் நின்றுவிட்டது. அதன் பிறகு 'வார்' என்ற பெயரில் மேடையேறியவர்களில் அசல் ஆள் கீபோர்டு வாசித்துப் பாடும் லானி ஜோர்டன் ஒருவர்தான். மற்ற நால்வரும் 'லோரைடர் பேண்ட்' என்ற பெயரில் வாசிக்க வேண்டியதாயிற்று. போஸ்டரை மட்டும் பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும்?

தலைகீழாகவும் நடக்கும். 'கமோடோர்ஸ்' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிட்டார் கலைஞர் தாமஸ் மெக்லேரி 1984இல் விலகிவிட்டார். முப்பது ஆண்டுக்குப் பிறகு அதே பெயரோடு தன் பெயரையும் சேர்த்துக்கொண்டு கச்சேரி செய்யப் போனார், வழக்கு வந்தது. குழுவை விட்டுப் போனவர் பெயரையும் விட்டுத்தான் போனார் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. 'எர்த், விண்ட் அண்ட் ஃபயர்' விஷயம் இன்னும் மோசம். அந்தப் பெயருக்குப் பின்னால் 'லெகசி ரீயூனியன்' என்று ஒட்டி ஒரு நிறுவனம் டிக்கெட் விற்றது. 2023இல் அசல் குழு வழக்குப் போட்டது. ரசிகர்களைக் குழப்பும் வணிகக்குறி மீறல் என்று மியாமி கூட்டாட்சி நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரும்வரை வாங்கியவர்கள் வாங்கினார்கள்.

'ட்ரூத் இன் மியூசிக்' என்ற பெயரில் 30க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் சட்டம் உண்டு. சாரம் இதுதான்: மேடையில் இசைத்தட்டில் வாசித்த ஒருவராவது இருக்க வேண்டும், அல்லது பெயர் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் 'ட்ரிபியூட்', அதாவது அசல் குழுவின் பாடல்களைப் பாடும் வேறு குழு, என்று விளம்பரத்தில் போட வேண்டும். அந்த 'அல்லது'தான் ஓட்டை. பெயரைப் பதிவு செய்து வைத்திருப்பவர் நேற்றுச் சேர்ந்த எட்டுப் பேரை அனுப்பினாலும் சட்டம் கேட்காது.

அதனால் வாங்கும் முன் நீங்கள்தான் பார்க்க வேண்டும். குழுவின் சொந்தத் தளத்தில் இப்போதைய உறுப்பினர் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வரலாறு பக்கம் பக்கமாக இருந்து, இன்று வாசிப்பவர்களின் பெயர் மட்டும் இல்லையென்றால் அதுவே பதில். பிறகு கடந்த மூன்று மாதத்தில் ரசிகர்கள் போனில் எடுத்த வீடியோக்களைத் தேடுங்கள். குழு வெளியிட்ட விளம்பர வீடியோ உதவாது. ஒரு பாடலையாவது முழுதாகக் கேளுங்கள், எத்தனை பேர் ஊதுகிறார்கள் என்று எண்ணுங்கள். பெயருக்குப் பின்னால் 'ஃபீச்சரிங்', 'எக்ஸ்பீரியன்ஸ்', 'லெகசி', 'ஆல் ஸ்டார்ஸ்' என்று ஏதாவது ஒட்டியிருந்தால் நின்று விசாரியுங்கள். பெயர் யாரிடம் இருக்கிறது என்பதை அமெரிக்க வணிகக்குறி அலுவலகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கடைசியாக அரங்குக்கு ஒரு மின்னஞ்சல்: யார் யார் வருகிறார்கள், முதன்மைக் குழு எத்தனை நிமிடம் வாசிக்கும்? பதில் வந்தால் அழிக்காமல் வையுங்கள்.

அசல் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுபது, எண்பது வயதில் எல்லோரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். ஜார்ஜ் கிளின்டன் தலைமையிலான பார்லமென்ட்-ஃபங்கடெலிக் குழுவில் எடி ஹேசல் 1992இலேயே இறந்துவிட்டார், கேரி ஷைடர் 2010இல், பெர்னி வொரெல் 2016இல். பூட்ஸி காலின்ஸ் 2019இல் சுற்றுப்பயணத்தை நிறுத்திக்கொண்டார். கிளின்டன் 1941இல் பிறந்தவர். குரல் பல ஆண்டாகவே கரகரப்புத்தான். ஆனாலும் அங்கே போகிறவர் ஏமாறுவதில்லை, ஏனென்றால் அது எப்போதுமே ஆள் வந்து ஆள் போகிற கூட்டம், புதியவர்கள் பழையவர்களிடமே கற்றவர்கள். ஒன்று மட்டும்: 'கடைசிப் பயணம்' என்று சொன்னதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். 2019இல் ஓய்வு என்று அறிவித்த கிளின்டன் அதற்குப் பிறகும் மேடையேறினார்.

ஃபங்கைப் பொறுத்தவரை முதலில் விசாரிக்க வேண்டியவர் பாடகர் அல்ல. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் யார் என்பதுதான். ஃபங்கின் முன்னோடியான பாடகர் ஜேம்ஸ் பிரவுன் காலத்திலிருந்தே தாளத்தின் முதல் அடியில் எல்லோரும் ஒன்றாக விழுவதுதான் இந்த இசையின் உயிர். அந்த இரண்டு பேரும் பல ஆண்டு சேர்ந்து வாசித்தவர்களாக இருந்தால் பாடகர் புதியவரானாலும் கச்சேரி எடுபடும். ஊருக்கு ஊர் கூலிக்கு எடுத்த ஆட்கள் என்றால் அசல் பாடகரே வந்தாலும் எடுபடாது. அடுத்தது ஊதுகருவிகள். ஓக்லண்டில் 1968இல் தொடங்கிய 'டவர் ஆஃப் பவர்' ஐந்து ஊதுகருவிகளை விடாமல் வைத்திருந்ததால்தான் அத்தனை ஆள் மாற்றத்துக்குப் பிறகும் அந்தச் சத்தம் அப்படியே இருந்தது. ஐந்தை இரண்டாகக் குறைப்பது செலவைக் குறைக்கத்தான், வேறு காரணம் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பெயர் விஷயத்தில் நேர்மையாக நடந்தவர்களும் உண்டு. நியூ ஆர்லியன்ஸின் 'மீட்டர்ஸ்' பிரிந்த பிறகு ஆர்ட் நெவிலும் ஜார்ஜ் போர்ட்டரும் புதிய ஆட்களோடு வாசித்தபோது 'ஃபங்கி மீட்டர்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். எது எந்தக் கூட்டணி என்று ரசிகருக்குத் தெரிந்தது.

பதிவு செய்த ஒலியை ஓடவிட்டு வாசிக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டிரம்ஸ்காரர் காதில் ஒலி கேட்கும் கருவி மாட்டியிருப்பது சாட்சியல்ல. இன்று எல்லோரும் மாட்டுகிறார்கள். பாடல் நீள்கிறதா என்று பாருங்கள். நேரடியாக வாசிக்கும் ஃபங்க் குழுவில் தலைவர் கையைக் காட்டும்வரை ஒரே தாளச் சுழல் திரும்பத் திரும்ப ஓடும், கூட்டம் சூடேறினால் இன்னும் நாலு சுற்றுப் போகும். ஒவ்வொரு பாட்டும் இசைத்தட்டு நீளத்திலேயே டக்கென்று நின்றால், யாரும் தொடாத டம்பரீன் கேட்டால், சந்தேகம் வேண்டாம். சுருதியை அரைச் சுரமோ ஒரு சுரமோ இறக்கிப் பாடுவது ஏமாற்று அல்ல, வயதானவர் செய்ய வேண்டியதே அது.

ஒலி கெடுவதற்கு இன்னொரு காரணம் அரங்கு. விருந்து மண்டபம் போன்ற தாழ்ந்த கூரை அறையில் பேஸின் அடி அதிர்வெண்கள் சுவரில் மோதித் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று குவியும். எந்தச் சுரம் என்றே தெரியாமல் உறுமல்தான் மிஞ்சும். ஒரே இரவில் நாலு குழு என்றால் ஒலிச் சோதனைக்கு நேரமே இருக்காது. மூலையையும் பின்சுவரையும் தவிர்த்து, சவுண்ட் இன்ஜினியர் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நில்லுங்கள். அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். காதடைப்பானும் கொண்டு போங்கள்.

பணம் அதிகம் போவது மறுவிற்பனையில். அரங்கின் பெயரைத் தேடினால் மேலே வரும் விளம்பரச் சுட்டி பெரும்பாலும் அரங்குடையது அல்ல, மறுவிற்பனைக்காரருடையது. சிலர் கையில் டிக்கெட்டே இல்லாமல் விற்பார்கள்: விற்ற பிறகு தேடுவார்கள், கிடைக்காவிட்டால் நிகழ்ச்சி அன்று ரத்து. இருக்கை எண் இல்லாமல் 'இந்தப் பகுதி' என்று மட்டும் போட்டிருந்தால் அதுதான் அடையாளம். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி மறுவிற்பனைக்காரர் அசல் விலையையும் இருக்கை விவரத்தையும் காட்டியாக வேண்டும். அமெரிக்காவில் மே 2025 முதல் கட்டணங்கள் சேர்ந்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. கடைசிப் பக்கத்தில் விலை ஏறினால் அங்கேயே விலகுங்கள். கலைஞரைச் சந்திக்கலாம் என்று கூடுதலாக விற்கும் டிக்கெட்டில் எந்தக் கலைஞர் என்று பெயர் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், கடன் அட்டையில் வாங்கினீர்களா என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவில் கட்டணப் பட்டியல் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். பிரிட்டனில் ஒரு டிக்கெட்டின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்கு மிகாமல் இருந்தால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவில் வங்கியிடமே கேட்கலாம். இடைத்தரகர் வழி வாங்கியிருந்தால் இது சிக்கலாகும். 'நன்றாக இல்லை' என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். 'விளம்பரப்படுத்தியது வழங்கப்படவில்லை' என்று எழுதி, வாங்கிய நாளின் விளம்பரப் பக்கத்தின் படம், போஸ்டரின் படம், மேடையில் நின்றவர்களின் படம், அரங்கு அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் இணையுங்கள். விளம்பரப் பக்கத்தை நிகழ்ச்சி முடிந்த மறுநாளே எடுத்துவிடுவார்கள், அதனால் டிக்கெட் வாங்கும்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.