மானோமீட்டரா, போர்டன் மானியா, மின்னணு உணரியா?

அசையாமல் நிற்கும் திரவத்தின் அழுத்தத்தை அளக்க யு வடிவ மானோமீட்டர், போர்டன் அழுத்தமானி, மின்னணு உணரி ஆகிய மூன்றில் எது ஏற்றது என்பதை அளவெல்லையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒவ்வொன்றும் தன் அளவீட்டை எதிலிருந்து பெறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மானோமீட்டரில் நாம் படிப்பது திரவத்தம்பத்தின் உயரத்தையே. அந்த உயரத்தைத் திரவத்தின் அடர்த்தியாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கினால் அழுத்த வேறுபாடு கிடைத்துவிடுவதால், அதைச் சரிபார்க்க இன்னொரு அழுத்தமானி தேவையில்லை. இந்தத் தற்சார்புக்காகவே, கற்பதற்கும் சிறிய அழுத்தங்களை அளப்பதற்கும் அதையே முதலில் வைப்பேன். நீர்த்தம்பத்தின் ஒரு மில்லிமீட்டர் சுமார் 9.8 பாஸ்கலைக் குறிக்கிறது. ஆனால் வளிமண்டல அழுத்தம் ஒன்றுக்கு ஈடாகவே சுமார் 10.3 மீட்டர் நீர்த்தம்பம் வேண்டும். பாதரசமானால் 760 மில்லிமீட்டர் போதும் என்றாலும், அதன் நச்சுத்தன்மை அதைத் தவிர்க்கச் சொல்கிறது.

உயர் அழுத்தத்துக்குப் போர்டன் மானியே உகந்தது. 1849இல் காப்புரிமை பெற்ற இக்கருவியில், வளைந்த தட்டைக்குழாய் அழுத்தம் ஏற ஏற நிமிர முயல்வதை முள் காட்டுகிறது. மின்சாரம் தேவையில்லை, ஆனால் உலோகத்தின் மீள்தன்மையை நம்பியிருப்பதால் அவ்வப்போது அளவுதிருத்தம் செய்தாக வேண்டும்.

தொடர்ந்து பதிவு செய்ய வேண்டுமெனில் மின்னணு உணரிக்கு நிகரில்லை. எனினும் அழுத்தும்போது மின்னேற்றம் உண்டாக்கும் படிகத்தைக் கொண்ட பீசோமின் வகையை இங்கே தேர்ந்தெடுக்கக் கூடாது: நிலையான அழுத்தத்தில் அதன் மின்னேற்றம் கசிந்துவிடும் என்பதால், அழுத்தத்தால் வளையும் மெல்லிய தகடான உதரவிதானத்தின் வளைவை மின்தடை மாற்றமாகக் காட்டும் வகையே பொருந்தும்.

இவற்றில் எதைப் பொருத்தினாலும், ஓர் அளவீடு ஓர் ஆழத்தின் அழுத்தத்தை மட்டுமே சொல்லும். பெரும்பாலான பிழைகள் இதை மறப்பதால்தான் நேர்கின்றன. 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட செங்குத்துக் கதவின் மேல்விளிம்பு வரை ஒரு பக்கத்தில் நீர் நின்றால், அடியில் பொருத்திய மானி 29.4 கிலோபாஸ்கல் காட்டும். அதை அப்படியே பரப்பால் பெருக்கினால் சுமார் 177 கிலோநியூட்டன் வரும். உண்மையான விசையோ அதில் பாதியான 88.3 கிலோநியூட்டன்தான், ஏனெனில் கணக்கில் கொள்ள வேண்டியது பரப்பின் மையத்தில், அதாவது 1.5 மீட்டர் ஆழத்தில், உள்ள அழுத்தமாகும். அந்த விசை செயல்படும் புள்ளியோ அம்மையத்தில் இல்லாமல் 2 மீட்டர் ஆழத்தில் அமைகிறது. ஆகவே கீல் அடிவிளிம்பில் இருந்தால் திருப்புத்திறனை 1 மீட்டர் நெம்புதூரத்துக்கே, அதாவது கீலிலிருந்து அப்புள்ளி வரையுள்ள தூரத்துக்கே, கணக்கிட வேண்டும்.