முட்டி தேய்ந்தவர் எடை குறைக்க: நடையா, சைக்கிளா, தண்ணீரா?

எடையைக் குறைத்தால் முட்டி வலி குறையும் என்கிறார் டாக்டர். சரி, நடந்து குறைக்கலாம் என்று கிளம்பினால் முட்டி வலிக்கிறது. செக்குமாடு மாதிரி இதற்குள்ளேயே ஒரு வருடம் சுற்றினேன். வயது 51, எடை 80 கிலோ, வலது முட்டியில் தேய்மானம் ஆரம்பம். 25 வருடமாக நின்றுகொண்டே பாடம் நடத்திய கால் இது. கடலூரில் எனக்குக் கிடைத்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் முட்டி திடீரென்று பூட்டிக்கொண்டாலோ, வீங்கிச் சூடாக இருந்தாலோ, நடக்கும்போது மடங்கிக்கொண்டாலோ, முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள். பயிற்சியெல்லாம் அப்புறம்.

எல்லாரும் முதலில் சொல்வது நடை. காசு கிடையாது, பழக வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் சமதரையில் நடக்கும்போதே ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு சுமை இறங்குகிறது. என் கணக்கில் அடிக்கு 200 கிலோ என்று வையுங்கள். இதைக் கேட்டு நடையையே நிறுத்திவிடக் கூடாது. முட்டியின் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் இல்லை. அழுந்தி விடுபடும் அசைவில்தான் அதற்குச் சத்து போய்ச் சேர்கிறது. ஒரே மூச்சில் எவ்வளவு நடப்பது என்பதில்தான் சிக்கல். பக்கத்து வீட்டு அக்காவோடு மஞ்சக்குப்பம் மைதானத்தில் அவர் வேகத்துக்கு 45 நிமிடம் நடந்தேன். மறுநாள் மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடிந்தது. அதையே அரை மணியாகக் குறைத்து, காலை, மதியம், மாலை என்று பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டபோது ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிப் பக்கம் போனால் கடற்கரைச் சாலை இதற்கு நல்ல இடம். ஒன்றரை கிலோமீட்டர் போல சமமான தரை, மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளும் வராது. முட்டி முணுமுணுத்தால் உடனே உட்கார்ந்துகொள்ளலாம்.

எடைக் கணக்கில் மட்டும் நடை கஞ்சத்தனம் செய்கிறது. 80 கிலோ ஆள் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 140 கலோரி செலவாகும். ஓர் உளுந்து வடையும் அரைச் சர்க்கரை போட்ட டீயும் அதை ஈடுகட்டிவிடும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. வடையே தொடாமல் நடந்தாலும் 55 நாள்.

சில்வர் பீச் மணலில் நடந்தால் கொழுப்பு வேகமாகக் கரையும் என்று ஒரு சகா சொன்னார். கரையும்தான், தளர்ந்த மணலில் அதே தூரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் சக்தி போகிறது. ஆனால் அடிக்கு அடி பாதம் புதைந்து திரும்பும், கூடவே முட்டியும் திருகும். அலை நனைத்த கெட்டி மணல் தேவலை என்று பார்த்தால், அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். பீச்சில் நான் இப்போது சுண்டல் சாப்பிடுவதோடு சரி.

அடுத்தது சைக்கிள். என் ஓட்டு இதற்குத்தான். உட்கார்ந்து மிதிப்பதால் உடம்பைச் சீட் தாங்குகிறது, நடையில் விழும் சுமையில் பாதி அளவுதான் முட்டிக்கு வருகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் போனால் 200 கலோரிக்கு மேல் செலவாகும். குறைந்த வலிக்குக் கூடுதல் செலவு என்றால் கசக்குமா?

ஆனால் சைக்கிளை வைத்து முட்டியைக் கெடுத்துக்கொள்ளவும் முடியும். நம் ஊரில் இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டை இறக்கி வைப்பதுதான் வழக்கம். அப்படி வைத்தால் ஒவ்வொரு மிதியிலும் முட்டி அளவுக்கு மீறி மடங்கி, சில்லு அழுந்தும். சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மட்டும் மடங்கும். இந்த உயரத்தில் தரை எட்டாது, நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்க வேண்டும். காலித் தெருவில் நாலு நாள் பழகினேன், இரண்டு முறை விழப் பார்த்தேன். பார் வைத்த பெரிய சைக்கிளில் காலைத் தூக்கிப் போடுவதே ஒரு வித்தை, ஆண்களுக்கும் லேடீஸ் சைக்கிளைத்தான் சொல்வேன். கியர் இருந்தால் லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். அழுத்தி மிதித்தால் மறுபடியும் முட்டிக்குத்தான் அடி.

மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் போகும் சாலை சமதரை என்பதால் எனக்கு வசதி. காலையில் போய்விடுங்கள். மாலையில் கடற்காற்று எதிரே நின்று தள்ளும், மேடு ஏறுவதும் அதுவும் ஒன்றுதான். கேப்பர் மலைப் பக்கம் சைக்கிளைத் திருப்பவே வேண்டாம். விடிகாலை நாய்களுக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை.

முட்டியின் சௌகரியத்தை மட்டும் பார்த்தால் சைக்கிளையும் தண்ணீர் தோற்கடிக்கும். இடுப்பளவு நீரில் உடம்பின் பாரம் பாதியாகும், மார்பளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் இறங்கிவிடும். நீச்சல் தெரியாதவர் குளத்துக்குள் கையை வீசி நடந்தாலே போதும். தெரிந்தவர் தவளை மாதிரி காலை அகட்டி உதைக்கும் நீச்சலைத் தவிர்க்க வேண்டும், அது முட்டியின் உள்பக்கத்தை இழுக்கும். காலை நீட்டி மேலும் கீழுமாக அடிக்கும் நீச்சல் நல்லது. குளத்துக்குப் பதில் கடலில் இறங்கலாமே என்று கேட்காதீர்கள், நம் பக்கத்துக் கடலின் இழுப்பு தெரிந்ததுதான். இவ்வளவு நல்லதை நான் ஏன் விட்டேன்? பெண்களுக்கான நேரம் பார்த்து, கட்டணம் கட்டி, ஈரத்துணி மாற்றி, தலை காயவைத்து, எட்டரைக்குள் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஒரு மாதம் தாங்கியது. பணி ஓய்வு பெற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஜிம்மில் எலிப்டிகல் என்றொரு மிஷின் உண்டு. பாதம் பலகையை விட்டு எழும்பாததால் அதிர்வு இல்லை, கலோரியும் சைக்கிளுக்குச் சற்றே கீழே. எனக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நடக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். ஸ்கிப்பிங், படியேற்றம், குதித்து ஆடும் ஜும்பா மூன்றையும் இந்த முட்டியோடு தொடவே இல்லை.

எதைச் செய்தாலும் மறுநாள் காலை முட்டியைக் கேட்பேன். செய்யும்போது லேசாக வலித்து, தூங்கி எழுந்ததும் பழையபடி இருந்தால் தொடரலாம். காலையிலும் வலி கூடுதலாக நின்றால் நேற்றைய அளவு அதிகம், பாதியாக்க வேண்டும். கூடவே படுத்தபடி காலை நேராகத் தூக்கி இறக்கும் பயிற்சி, பக்கத்துக்குப் பத்து. தொடைத் தசைக்கு வலு வந்தால் முட்டியின் வேலையில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடத்தில் நின்ற இடத்துச் சைக்கிள்தான். பாதி நாள் அதன் மேல் ஈரத்துணி காயும், எடுத்துப் போட்டுவிட்டு ஏறுவேன்.

ஏழு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. இரவில் சாதத்தைப் பாதியாக்கியதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. முட்டித் தேய்மானமுள்ள, எடை கூடிய முதியவர்களிடம் 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கிலோ எடை குறைந்தால் அடிக்கு நான்கு கிலோ சுமை முட்டியிலிருந்து குறைகிறது என்று கண்டது. அப்படியானால் எனக்கு அடிக்கு 24 கிலோ, ஓர் அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. படி இறங்கும்போது இப்போது கைப்பிடியைத் தேடுவதில்லை. ஏறும்போது இன்னும் தேடுகிறேன்.