கிம்ப்: பின்னணியற்ற படங்களுக்கு ஏற்ற இலவச மென்பொருள்

வெள்ளவத்தைப் புடைவைக் கடையொன்றின் இணையத்தளத்துக்கு இலச்சினையைச் செம்மைப்படுத்தும் பணியில் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளை மட்டுமே பயன்படுத்தினேன். கடைக்காரர் தந்த ஜேபெக் கோப்பை அரக்கு நிறத் தலைப்பட்டையில் இட்டதும் எழுத்துகளைச் சுற்றி வெள்ளைப் பெட்டியொன்று அப்பட்டமாகத் தெரிந்தது. ஜேபெக் வடிவத்தில் ஒளிபுகும் தன்மைக்கு இடமே இல்லை.

கிம்ப் இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரு நிறத்தை ஒளிபுகும் தன்மையாக மாற்றும் 'கலர் டு அல்பா' மூலம் வெள்ளையை நீக்கி, 'எக்ஸ்போர்ட் அஸ்' வழியாக பிஎன்ஜி கோப்பாக வெளியிட்டால், ஒவ்வொரு புள்ளியின் ஒளிபுகும் அளவும் 256 படிகளில் காக்கப்படுவதால், 'ழ'கரத்தின் மெல்லிய வளைவுகூட எந்த நிறத்தின் மீதும் பிசிறின்றிப் பொருந்துகிறது. ஆனால் இலச்சினையில் இளமஞ்சள் போன்ற வெளிர்நிறங்கள் இருந்தால் அவையும் பாதி கரைந்துவிடும்; அத்தகைய படங்களுக்குத் தெரிவுக் கருவியால் வெட்டியெடுப்பதே நல்லது.

ஜிஃப் வடிவத்தில் ஒரு புள்ளி முழுதாகத் தெரியும், அல்லது முற்றாக மறையும். இதனால் எழும் விளிம்புப் பிசிறைத் தணிக்க, அரைகுறையாக ஒளிபுகும் புள்ளிகளைப் இணையப்பக்கத்தின் பின்னணி நிறத்தோடு முன்கூட்டியே கலந்துவிடும் 'செமி-ஃபிளாட்டன்' வசதி தரப்பட்டிருப்பது மிகவும் பாராட்டத்தக்கது.

குறையென்று சொன்னால், 'சேவ்' கட்டளை, உலாவிகள் காட்டாத, கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பையே தருவது புதியவர்களைக் குழப்பும். எனினும் அல்பா எனப்படும் ஒளிபுகும் தகவலின் தரத்தைத் தனியாகக் கட்டுப்படுத்த இடமளிக்கும் வெப்பி என்ற படவடிவ ஏற்றுமதி, கோப்பைச் சிறிதாக்குவதால், கைபேசித் தரவில் தளத்தைத் திறக்கும் வாடிக்கையாளருக்குப் பெரும் உதவி.