டைமிங் பெல்ட் மாற்ற எங்கே விடுவது: சர்வீஸ் சென்டரா, பட்டறையா?

சென்ற ஆண்டு விராலிமலையைத் தாண்டும்போது என் டீசல் கார் ஓடிக்கொண்டிருந்த வேகத்திலேயே அணைந்துபோனது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, விர்ரென்று சுழன்றது. டோ வண்டிக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே, "வால்வு வளைந்திருக்கும் சார், கம்ப்ரஷனே இல்லை" என்றார். எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் நேரம் தவறாமல் சேர்ந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மாற்றியது, கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்.

இவ்வளவு பட்ட பிறகும் அடுத்த முறை சர்வீஸ் சென்டரில்தான் விடுவேன்.

செலவில் பட்டறைதான் குறைவு; அதில் பேச்சே இல்லை. கைத்திறனிலும் பட்டறைக்காரர் சளைத்தவரல்ல. ஒரே வகை எஞ்சினைப் பலமுறை பிரித்தவர் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். சர்வீஸ் சென்டரில் நம் வண்டியில் யார் கை வைக்கிறார் என்பதே தெரிவதில்லை.

ஆனால், வேலை கெட்டுப்போனால் யார் பொறுப்பு? எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். பிரேக் கட்டை சரியாக மாட்டாவிட்டால் சத்தம் போட்டு எச்சரிக்கும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் எச்சரிக்காது. அது அறுந்தாலோ பல் தாண்டினாலோ, மேலே வரும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வில் மோதும். டீசல் எஞ்சினில் இதிலிருந்து தப்புவது அரிது. பெல்ட்டின் விலை எங்கே, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்றும் செலவு எங்கே!

என் வண்டியில் பெல்ட் புதியது, அதை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர் பழையது. டென்ஷனரின் பேரிங் இறுகிப்போய் பெல்ட்டைத் தின்றுவிட்டது. அதே சர்வீஸ் சென்டரில், நான் வரும்வரை எதையும் பிரிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தேன்; என் கண் முன்னால்தான் கழற்றினார்கள். டென்ஷனர் உருளையை விரலால் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. முதலில் "ஓட்டிய விதம் சரியில்லை" என்றார் மேலாளர். வண்டி விடும்போது செய்யவேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் "பெல்ட், டென்ஷனர் முழு செட்" என்று இருந்தது. பில்லில் பெல்ட் மட்டும். இரண்டையும் அருகருகே வைத்துக் கடிதம் எழுதினேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு என்றும், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம் என்றும் குறிப்பிட்டேன். மூன்று வாரத்தில் ஹெட் வேலை முழுவதையும் அவர்கள் செலவிலேயே செய்து கொடுத்தார்கள். ஆயிலுக்கும் கூலன்ட்டுக்கும் மட்டும் நான் பணம் கட்டினேன்.

என் சித்தப்பா மகனுக்கும் இதே கதிதான். அவன் விட்டது பழகிய பட்டறையில். மெக்கானிக் நல்ல மனிதர், கூலியே வேண்டாம் என்றார். ஆனால் பில் இல்லை. பழைய பாகங்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன. வால்வு, கேஸ்கெட், லேத் செலவு எல்லாம் அவன் தலையில்.

என் வழக்கு ஆணையம்வரை போகவில்லை. கம்பெனி மறுத்திருந்தால் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டேன். பாகங்களின் பெயரோடு ஜிஎஸ்டி பில் தரும் பட்டறை பக்கத்தில் இருந்தால் என் சாய்வும் குறையும்.

எங்கே விட்டாலும் டென்ஷனர், ஐட்லர் (பெல்ட் ஓடும் வழியில் இருக்கும் உருளை), பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதுவும், பில்லில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். கழற்றிய பாகங்கள் வேண்டும் என்பதை வண்டி விடும்போதே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். மாலையில் போய்க் கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும்.